ஐந்தாவது சரிவு

அத்தியாயம் 6

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி வண்டி மண் ரோட்டில் இறங்கும்போது மணி பதினொன்றரை. மெஹ்ஜபீனுக்கு அதற்குள் ஒரு நாள் முழுவதும் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

வயது நாற்பத்தொன்பது. போலீஸில் இருபத்திரண்டு வருடம், அதில் கடைசி ஆறு வருடம் கம்ப்யூட்டர் குற்றப் பிரிவில். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தர்மபுரியில் துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டினாள். மாட்டிய நாளிலிருந்து வந்ததெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஏதாவது இருந்ததா என்று ஊர் ஊராகப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விசாரித்ததில் அவளுக்கு மனிதர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்திருந்தது. இன்றைக்கு விசாரிக்க வேண்டியது ஒரு கம்ப்யூட்டரை. அந்த மட்டில் ஆறுதல்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றான் மாது. பதினெட்டு வருடம் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவன். முதுகு எலும்பு விலகி, லாரியை விட்டு இறங்கி, அவளுடைய பழைய வேனுக்கு டிரைவராக வந்து, கேட்காமலே உதவியாளனும் ஆகிவிட்டான். "கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி உடுவாங்களா? எங்கூட்டு டிவி மேல ஒரு சொட்டு பட்டதுக்கே என் சம்சாரம் ரெண்டு நாள் பேசல."

"லாரிக்கு எதுக்கு ரேடியேட்டர்?"

"இன்ஜின் சூட்ட எறக்க."

"இதுவும் அதேதான். உள்ள ஒரு சில்லு இருக்கு, அதுதான் மூளை. அது தலை மேல ஒரு சின்ன பம்பு. தண்ணி அந்தச் சூட்ட வாங்கிக்கிட்டு குழாய் வழியா ரேடியேட்டருக்குப் போகும். ஃபேன் ஊதும். ஆறிப்போயி திரும்ப வரும். எல்லாம் கம்பெனியிலயே அடைச்சு வர்றது. நாம தொறந்து ஊத்தற வேலை இல்ல."

"அப்போ மூடியத் தொறந்து மூஞ்சிய வேக வெச்சுக்கற பாக்கியம் இதுல கெடையாது," என்று மாது வருத்தப்பட்டான்.

 மெஹ்ஜபீனின் நினைப்பு அனீஸிடம் இருந்தது.

அரூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அனீஸ். முப்பது வயது. நேற்று மாலை அவளுடைய ஆபீஸுக்கு வந்தவன் உட்காரக்கூட இல்லை. அக்டோபரில் கலைமதி என்ற பெண்ணுக்கு ஒரு வாட்டர் கூலர் விற்றான். ஐந்து மாதம் கழித்து, போன வாரம், அந்தப் பெண் ஒரு வீடியோ போட்டாள். கூலரைத் திறந்து காட்டி, ரேடியேட்டர் நிறையப் பஞ்சுப் பஞ்சாக அழுக்கு, இது பழைய சரக்கு, புதுசு என்று ஏமாற்றி விற்றிருக்கிறான் என்று சொன்னாள். வீடியோ அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை என்று சுற்றியது. கடைக்கு ஆள் வருவது நின்றது. இன்று மாலை ஐந்து மணிக்கு வியாபாரிகள் சங்கத்துக் கூட்டம். அதற்குள் ஏமாற்றவில்லையென்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"மன்னிப்புக் கேக்கறதுல ஒன்னும் இல்ல ஆப்பா," என்று அவளை அக்கா முறை வைத்து அழைத்து அனீஸ் சொன்னான். "ஆனா கேட்டுட்டா திருடன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்தப் பொண்ணு முன்னாடிதான் சீல உடைச்சேன். அத யாருகிட்ட காட்டி நம்ப வெப்பேன்?"

கடை போனால் இன்னொரு கடை வைக்கலாம், திருடன் என்ற பேரோடு அரூரில் எதையும் விற்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் முதுகு வலியோடு கிளம்பி வந்திருந்தாள்.

கலைமதியின் வீடு ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி. அவளுக்கு இருபத்தேழு வயது இருக்கும். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. இன்னும் கட்டாத வீடுகளுக்குள் நடந்து போய்ப் பார்ப்பது மாதிரி படம் செய்து கொடுப்பாள். வாசலிலேயே நிறுத்தி, "அனீஸ் கடை ஆளுங்களா?" என்று கேட்டாள்.

"அவரு அனுப்பி வந்தோம். ஆனா அவரு சொன்னதுக்காக எதையும் மாத்திச் சொல்ல மாட்டோம். பொய்யா இருந்தா அதையும் அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்," என்றாள் மெஹ்ஜபீன். குரலில் இருந்த களைப்பே அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை தந்திருக்க வேண்டும். வழி விட்டாள்.

அறை சின்னது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சாத்தியிருந்தது. சுவர்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. கூடத்துச் சுவரோ எண்ணெய்க் கறையும் குழந்தைக் கிறுக்கலுமாக, எத்தனையோ வருடத்துப் பழைய சுண்ணாம்பு. மெஹ்ஜபீன் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"மதியானம் ஆனா ஆஃப் ஆயிடுது மேடம்," என்றாள் கலைமதி. "படம் போட்டு வெச்சா அரை மணி நேரம். சூடு ஏறி ஏறி தானா அணைஞ்சிடும். இன்னொரு தடவ வேலை நின்னுச்சுன்னா பெங்களூர் ஆபீஸுக்கே வந்துடுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மூணு ஃபேன் வெச்ச பெரிய கூலரா மாத்தித் தரணும். அதுவும் புதுசா."

"பெருசா சின்னதான்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல எங்க நோவுன்னு பாப்போம்."

கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பக்கவாட்டுக் கதவைக் கழற்றினாள். பம்பின் மேல் ஒரு விரலை வைத்தாள். மெல்லிய அதிர்வு. பம்பு ஓடுகிறது. குழாய் மூட்டுகளில் ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தாள். ஈரம் இல்லை. கசிவு கிடையாது.

"பம்புக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாளு ஒட்டி வரும்," என்றாள். "அத உரிக்காமயே மாட்டிடறவங்க உண்டு. அப்படி இருந்தா அனீஸ் மேல தப்பு."

"ஒரு தடவ என் மச்சான் புதுச் செருப்ப கவரோட போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்தான்," என்று மாது ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

அணைத்து, ஆறவிட்டு, பம்பைக் கழற்றிப் பார்த்தாள். தாள் இல்லை. சில்லின் மேல் தடவிய பசை சரியாகப் பரவியிருந்தது. புதுப் பசை தடவி மறுபடி மாட்டினாள். அனீஸ் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

"மாது, இப்ப ஓட உடறேன். ரெண்டு குழாயையும் தொட்டுப் பாரு."

மாது கண்ணை மூடிக்கொண்டு, லாரி பானெட்டுக்குள் கைவிட்ட காலத்து முகத்தோடு தொட்டான். "ரெண்டும் சூடு. போறதும் சூடு, வர்றதும் சூடு. தண்ணி சுத்துது, ஆனா ரேடியேட்டர் ஆத்தல. நம்ம பாஷையில சொன்னா முன்னாடி கண்ணு அடைச்சிருக்கு."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு முன்பக்கத்தைத் திறந்தார்கள். அங்கே தூசி தடுக்கிற வலை இல்லை. காற்று நன்றாக வரட்டும் என்று அக்டோபரிலேயே கழற்றி வைத்துவிட்டதாகக் கலைமதி சொன்னாள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெள்ளையும் சாம்பலுமாகக் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. வீடியோவுக்காகச் சுரண்டியது போக மிச்சம்.

"பாத்தீங்களா?" என்றாள் கலைமதி. "என் ரூம்ல ஜன்னலே தொறக்கறதில்ல. தெனமும் கூட்டறேன். அஞ்சு மாசத்துல இவ்ளோ எப்படிச் சேரும்? யாரோ ஊர்ப்பட்ட வருஷம் ஓட்டின சாமான்."

நியாயமான கேள்விதான். மெஹ்ஜபீன் ஒரு குச்சியால் அந்தக் கம்பளியை நெம்பினாள். தூசி உதிரும். இது உதிரவில்லை. இழை இழையாக நீண்டு வந்தது. நடுவில் வெள்ளையாக ஏதோ மாவு. விரலில் தேய்த்தாள், கரகரவென்று சுண்ணாம்பு.

"ஒரு டீ கெடைக்குமாம்மா?" என்று கேட்டாள். கலைமதி உள்ளே போனதும் மாதுவின் தீப்பெட்டியை வாங்கி ஒரு இழையைக் கொளுத்தினாள். சுருண்டு, கருத்து, குட்டி மணியாகி நின்றது. விரலால் நசுக்கியதும் பொடியானது. அறையில் முடி கருகிய வாசம்.

"பஞ்சு இப்படி எரியாது," என்றாள்.

மாது மூக்கை உறிஞ்சினான். "இது பட்டு மேடம். எத்தன மூட்ட பட்டுக்கூடு தர்மபுரி மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போயிருக்கேன். என்னா, பொட்டிக்குப் பட்டுப்பொடவை கட்டி உட்டிருக்காங்களா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. பட்டு என்றால் இந்த அழுக்கு அனீஸ் கடையில் ஏறவில்லை. அரூர் பஜாரில் செல்போன் கவருக்கும் சார்ஜருக்கும் நடுவே இருக்கிற கடையில் புழு வளர்ப்பவர் யாரும் இல்லை. அழுக்கு இந்த வீட்டில்தான் ஏறியது. எப்போது, எப்படி என்பதுதான் பாக்கி.

கலைமதி டீயோடு வந்தாள். "உங்க வூட்ல பட்டுப்புழு வளக்கறீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள் மெஹ்ஜபீன்.

"முன்ன வளத்தோம். அம்மாவுக்கு இளைப்பு. படுக்கையில தூவற சுண்ணாம்பு ஒத்துக்கலன்னு டாக்டர் உடச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் அழுது சண்ட போட்டு நிறுத்தினேன். புழுக் கொட்டாயில இப்ப மாடு கட்டியிருக்கு. செடி மட்டும் நிக்குது, பக்கத்து வயக்காரங்க எல வெட்டிக்குவாங்க."

"இந்தக் கூலர் தண்ணிச் சூட்ட எழுதி வெக்குமில்ல? அந்தக் கணக்கக் காட்டு."

கலைமதி திரையைத் திருப்பினாள். மாட்டிய நாளிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீரின் சூடு ஒரே கோடாக ஓடியது. நவம்பர் இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகு கோட்டின் நடை மாறியது. இரவும் பகலும் ஒரே உயரத்தில் நின்றது, நடுநடுவே பல் விழுந்த மாதிரி சரிவுகள்.

"இது என்ன?"

கலைமதியின் முகம் சற்று இளகியது. "அது நான் பெங்களூர்ல இருந்த நாப்பது நாள் மேடம். ட்ரெயினிங். பொட்டிய இங்க ஓட உட்டுட்டு அங்கருந்தே வேலை வாங்கினேன். ராத்திரி பகலா ஓடுச்சு. இந்தச் சரிவெல்லாம் எங்கம்மா."

"அம்மாவா?"

"கதவத் தொறந்தா வெளிய இருக்கற குளுந்த காத்து வரும், சூடு எறங்கும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ. நான் இல்லாத ரூம அஞ்சு தடவ வந்து பாத்திருக்காங்க. போன் பண்ணா ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க, நல்லாத்தான் இருக்கேன்னு வெச்சிடுவாங்க. நான் அங்க உக்காந்து தெனமும் இதத்தான் பாத்துட்டிருப்பேன். நடுவுல சில நாள் அஞ்சுக்குப் பதிலா ஒன்னே ஒன்னுதான் இருந்துச்சு. மொத தடவ அப்படி ஆனப்ப ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துபோயி கூப்பிட்டேன்." டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அங்கயே நிரந்தரமா இருந்துக்கன்னு கேட்டாங்க மேடம். இப்பப் பாக்கறத விடப் பெரிய வேலை. இதப் பாத்துட்டுதான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

மெஹ்ஜபீன் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். காலை ஆறு, பதினொன்று, மாலை ஐந்து, இரவு ஒன்பது. இந்த நான்கும் ஆழமான சரிவுகள். மதியம் இரண்டு மணிக்கு ஒன்று மட்டும் சின்னது. மூன்று நாள், நான்கு நாள் இப்படி. பிறகு ஒரு நாள் முழுக்க நான்கும் காணாமல் போகும். மறுபடி மூன்று நாள். மறுபடி ஒரு நாள் ஓய்வு. மொத்தம் நான்கு முறை.

"மாது, நாலு வேள வயித்துக்குத் தின்னுட்டு, நடுவுல ஒரு நாள் முழுக்கப் பட்டினி கெடக்கறது யாரு?"

"என் மச்சான். சம்பளம் வாங்கின வாரம் ஒரு மாதிரி, அடுத்த வாரம்..." என்று தொடங்கிய மாது பாதியில் நின்றான். ரேடியேட்டரில் அப்பியிருந்த இழையைப் பார்த்தான். சாத்தியிருந்த ஜன்னல் கண்ணாடி வழியே வரிசையாக நின்ற மல்பெரிச் செடியைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடுவது அபூர்வம்.

பட்டுக்கூடு அங்காடிப் பக்கம் மெஹ்ஜபீன் ஒரு வருடம் காவலுக்கு நின்றிருக்கிறாள். வளர்க்கிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டே புழுவின் சாப்பாட்டு நேரம் அவளுக்குப் பாடம். புழு நான்கு முறை தோல் உரிக்கும். உரிக்கிற நாளில் தலையைத் தூக்கிக்கொண்டு தூங்கும், இலை தொடாது. அன்றைக்குத்தான் சுண்ணாம்பு தூவுவார்கள். சின்னப் புழுவுக்குச் சூடு வேண்டும், குளிர் ஆகாது. மார்கழிக் குளிரில் இந்த வீட்டிலேயே கதகதப்பான இடம், இரவு பகலாக ஓடுகிற கம்ப்யூட்டர் இருந்த இந்த அறைதான்.

கண்டுபிடித்த சந்தோஷம் வரவில்லை. இந்தத் தொழிலில் அவளுக்குப் பிடிக்காத இடம் இதுதான். உண்மை ஒருவனுக்கு மானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொருத்தியிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறது. இந்தப் பெண் ஐந்து சரிவை நம்பி ஒரு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ரேடியேட்டரச் சுத்தம் பண்ணு," என்று மாதுவிடம் சொன்னாள். "உள்ளருந்து வெளிய ஊது. ஃபேன் சுத்தாமப் புடிச்சுக்க. இந்தப் பொண்ணுகிட்ட பழைய பிரஷ் வாங்கிக்க." எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

கலைமதியின் அம்மா காவேரி கொட்டகை நிழலில் உட்கார்ந்து சுத்தியலால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம். மெஹ்ஜபீன் எதிரே ஒரு சாக்கில் உட்கார்ந்தாள். முதுகு முனகியது.

"பொங்கலுக்கு அந்த ஒரு ரூமுக்கு மட்டும் வெள்ள அடிச்சிருக்கீங்க," என்றாள்.

சுத்தியல் நின்றது.

"எத்தன முட்ட வெச்சீங்க?"

காவேரி சுற்றுமுற்றும் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம். மூன்று மாதமாக யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்த மாதிரி உடனே சொன்னாள். "பத்துத் தொகுதிதாம்மா. பக்கத்து வூட்டு நஞ்சப்பன் மிச்சமாயிடுச்சுன்னு குப்பையில கொட்டப் போனாரு. உசுராச்சேன்னு வாங்கியாந்தேன். கொட்டாயில மாடு. கூடத்துல குளுரு. அவ ரூமு அடுப்பங்கரை கணக்கா இருந்துச்சு."

"கம்ப்யூட்டர் மேல?"

"ஈரச் சாக்கு போட்டேன். புழுவுக்கு ஈரக்காத்து வேணுமில்ல. எல போடறப்ப எடுத்துட்டுப் போட்டுட்டு மறுபடி மூடிடுவேன். பின்னாடி சூடு வருது, அது தெரியும். முன்னாடி இழுக்கும்னு எனக்குத் தெரியாதே. கூடு கட்டுனப்ப பறந்த நூலெல்லாம் அதுதான் தின்னிருக்கு. போன வாரம் அவ அந்தப் பஞ்ச எடுத்து வீடியோவுல காட்டுனப்பதான் எனக்கு வெளங்குச்சு."

"டாக்டர் வேணாம்னாரே. எதுக்கும்மா?"

காவேரி புளியங்கொட்டைகளைக் கையால் ஒதுக்கினாள். "நாப்பது நாள். வூட்ல ஒரு சத்தம் இல்ல. புழு பெருசாயி எல தின்னுச்சுன்னா ஓட்டு மேல மழ பேயற மாதிரி கேக்கும். அத ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. வேற ஒன்னும் இல்ல." பிறகு மெஹ்ஜபீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவகிட்ட சொல்லாதீங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் புழுவத் தொட மாட்டேன்னு. தெரிஞ்சா இனிமே என்னைத் தனியா உட மாட்டா. பெங்களூருக்கு இழுத்துட்டுப் போயிடுவா."

கை சூடாக இருந்தது. மெஹ்ஜபீனுக்குச் சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ ரகசியத்தை அவள் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீங்க சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. ஆனா அரூர்ல ஒரு பையன் இருக்கான். புதுச் சாமான புதுசுன்னு சொல்லித்தான் வித்தான். அஞ்சு மணிக்கு சங்கத்துல எல்லாரு முன்னாடியும் தலையத் தொங்கப் போட்டு நிப்பான். அவங்கூட்லயும் ஒரு அம்மா இருக்காங்க."

 காவேரி மடியில் இருந்த புளிக்கோதை உதறிவிட்டு எழுந்தாள்.

அறைக்குள் மாது முழங்காலிட்டு, சைக்கிள் பம்பால் ரேடியேட்டரை ஊதிக்கொண்டிருந்தான். தலை, மீசை எல்லாம் வெள்ளை. காவேரி கதவருகே நின்று, மகளின் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

கலைமதி கோபப்படுவாள் என்று மெஹ்ஜபீன் எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ அந்த அஞ்சு தடவ," என்றாள். "புழுவுக்கா வந்த?"

காவேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் நீ வரலன்னு அழுதுட்டு போன் பண்ணேன். அன்னிக்கு புழு தூங்கிட்டு இருந்திருக்கு." சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. "அந்த வேலைய உட்டுட்டு வந்தேம்மா."

மாது ஊதி முடித்துவிட்டு, பம்பை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். 

மெஹ்ஜபீன் களைப்பாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "புழு ஒரு நாளைக்கு நாலு தடவதான் திங்கும்," என்றாள். "சரிவு அஞ்சு இருக்கு."

இருவரும் திரும்பினார்கள்.

"மதியானம் ரெண்டு மணி. சின்னச் சரிவு. சாக்க எடுக்கல, கதவு மட்டும் ஒரு நிமிஷம் தொறந்திருக்கு. புழு தூங்கின நாள்லயும் அது இருக்கு. அந்த ஒன்னே ஒன்னு இருந்த நாளுன்னு பயந்தியே, அந்த ஒன்னு இதுதான். இன்னும் பாரு." மௌஸை எடுத்துக் கோட்டைப் பின்னால் நகர்த்தினாள். "முட்ட வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, நீ பஸ் ஏறுன மறுநாள். ரெண்டு மணி. புழு கூடு கட்டி முடிச்சு நாலு சரிவும் நின்னுபோச்சு, அதுக்கப்புறமும் ரெண்டு மணி இருக்கு. ஜனவரி நாலு வரைக்கும். நீ என்னிக்கு வந்தே?"

"நாலாந்தேதி சாயங்காலம்," என்றாள் கலைமதி.

"இது ஒன்னுதான் எனக்குப் புரியல. ரெண்டு மணிக்கு என்னம்மா வேலை உங்களுக்கு இங்க?"

காவேரி முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். புழுவைப் பற்றிச் சொன்னதைவிட இதைச் சொல்ல அவளுக்கு அதிக வெட்கம். "சோத்துக்குக் கூப்பிட," என்றாள். "அந்நேரம்தான் இவ சாப்புடுவா. கூப்பிடாட்டி எந்திரிக்க மாட்டா. மொத நாளு மறந்துபோயி கதவத் தொறந்து கூப்புட்டுட்டேன். அப்புறம்தான் ஆளு இல்லன்னு நெனப்பு வந்துச்சு."

"மொத நாளு சரி. மத்த நாளெல்லாம்?"

"மத்த நாளெல்லாம் தெரிஞ்சேதான் கூப்புட்டேன்."

 கலைமதி எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள். அவர்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி ஒன்றரை. மெஹ்ஜபீன் மனதுக்குள் அரூருக்கு எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். உள்ளே கம்ப்யூட்டர் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காவேரி காதை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், ஒருவேள இன்னொரு கூலர் வாங்கறதா இருந்தா என்ன வாங்கறது?" என்று மாது மெல்லக் கேட்டான். அந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை.

"எதுவும் வாங்க வேணாம். இருக்கற ரெண்டு ஃபேனே போதும். ரேடியேட்டர முன்பக்கத்துலருந்து எடுத்து மேல மாட்டணும், காத்து வெளிய தள்ளற மாதிரி. மேல இருந்தா உள்ள இருக்கற காத்துக்குமிழி பம்புக்குள்ள எறங்காது. வலையத் திருப்பி மாட்டி, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ கழுவணும். என்னிக்காவது புதுசு வாங்கறதா இருந்தா தண்ணியே வேணாம். பெரிய தகடு வெச்ச காத்துக் கூலர். பம்பு நின்னா தண்ணிக் கூலர் அப்படியே படுத்துக்கும். காத்துக் கூலர் ஃபேன் நின்னாலும் நொண்டி நொண்டியாவது கொஞ்ச நேரம் ஓடும்."

"உங்கள மாதிரி," என்றான் மாது.

அவள் மறுக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. காவேரி எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டு வைக்கிற சத்தம், குழம்பு ஊற்றுகிற சத்தம். பிறகு வந்து சாத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். கையை எடுத்தாள், இறக்கினாள். கடைசியில் தள்ளித் திறந்தாள்.

"மதி, சோறு போட்டாச்சு."

"வர்றேம்மா," என்றது உள்ளேயிருந்து.

ரேடியேட்டரை மேலே மாற்றி மாட்டிக் கொடுத்துவிட்டுத் தர்மபுரிக்குத் திரும்புகிற வழியில் போன் அடித்தபோது மணி ஐந்தேகால். அனீஸ். பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தமும் பலர் பேசுகிற சத்தமும்.

"ஆப்பா, அந்தப் பொண்ணு புது வீடியோ அனுப்பிச்சுடுச்சு. கூலரு புதுசுதான், சீல எங்க முன்னாடிதான் உடைச்சாங்க, அழுக்கு எங்க வூட்டுதுன்னு. தண்ணிச் சூடு நாப்பத்தொன்னுல நிக்கறதையும் காட்டுது. சங்கத்துல பெருசா ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினேன். தலைவரே எந்திரிச்சு கை குடுத்தாரு."  கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். "ஒன்னே ஒன்னு. பேசிட்டிருக்கறப்ப நடுவுல கதவு தொறந்து யாரோ சோத்துக்குக் கூப்பிடறாங்க. அந்தப் பொண்ணும் பேச்ச உட்டுட்டு ஸ்க்ரீனையே பாக்குது, அந்தக் கோடு லேசா எறங்குது, வர்றேம்மான்னு சொல்லிட்டு அழுவுது. ஊருக்கெல்லாம் அனுப்பறப்ப அத வெட்டிடலாமான்னு கேட்டுப் பாத்தேன். கூடாதுன்னுடுச்சு. நீங்க சொல்லுங்க, கேக்கும்."

மெஹ்ஜபீன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு முதுகு வலிக்கவில்லை.

"வெட்டாத அனீஸ்," என்றாள். "கேஸுல சாட்சியே அதுதான்."